தனுஷ்கோடியின் எண்கள்: இணையத் தகவல் மூலங்களை மதிப்பிடக் கற்பித்தலும் தமிழ்ப் பதிப்பு மரபும்

ஆய்வுச் சுருக்கம்

இணையத் தகவலின் நம்பகத்தன்மையை மதிப்பிட மாணவர்க்குக் கற்பிக்கும் முறைகளுள் பரவலாக வழங்குவது வினாப்பட்டியல் முறையாகும். தமிழில் தேடிப் படிக்கும் மாணவர் எதிர்கொள்ளும் இணையப் பரப்பில் அம்முறை போதிய பயன் தருவதில்லை என்பதை, இராமநாதபுரம் – இராமேசுவரம் கடற்கரை குறித்து வழங்கிவரும் சில தகவல்களைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. படிகளை எண்ணாது அவற்றின் வழியை ஆராயும் தமிழ்ப் பதிப்பு மரபின் நெறி இவ்விடத்துப் பொருந்துவது என்பது இதன் கருதுகோள்.

திறவுச் சொற்கள்: தனுஷ்கோடி, மூலத்திறனாய்வு, பாடவேறுபாடு, ஐதிகம், பக்கவாட்டு வாசிப்பு

முன்னுரை

தகவல் மதிப்பீடு பற்றிய தமிழ்க் கட்டுரைகள் அறிவுடைமை அதிகாரத்துக் குறள் ஒன்றை மேற்கோள் காட்டித் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அக்குறள் மெய்ப்பொருளைக் காண வேண்டும் என்கிறது; எவ்வாறு காண்பது என்பதைக் கற்பிக்கும் பொறுப்பு ஆசிரியருடையது. வகுப்பறையில் அப்பொறுப்பு பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. ஒன்று, விக்கிப்பீடியாவைப் பயன்படுத்தாதீர்கள் என்பது. மற்றொன்று, ஒரே இடத்தில் பார்த்ததை நம்பாமல் நான்கைந்து தளங்களில் ஒப்பிட்டுப் பாருங்கள் என்பது. முதல் அறிவுரையை மாணவர் பின்பற்றுவதில்லை என்பது ஆசிரியர்க்கும் தெரியும். இரண்டாவதைப் பின்பற்றுகின்றனர், சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

தனுஷ்கோடி குறித்த ஒப்படைப்பு ஒன்றை எழுதும் மாணவரை எண்ணிப் பார்க்கலாம். 1964 டிசம்பரில் வீசிய புயலில் இறந்தோர் எத்தனை பேர் எனத் தேடுகிறார். 1,800 என்ற எண் கிடைக்கிறது. அறிவுரைப்படி மேலும் நான்கு தளங்களைத் திறக்கிறார். நான்கிலும் 1,800. சரிபார்த்துவிட்டதாக எழுதிவிடுகிறார். ஐந்து தளங்களும் ஒரே பக்கத்தின் ஐந்து படிகளாக இருக்கக்கூடும் என்ற ஐயம் அவருக்கு எழுவதில்லை. அப்படி ஐயுறவேண்டும் என்று அவருக்கு எவரும் சொல்லித்தரவுமில்லை.

வினாப்பட்டியலும் அதன் எல்லையும்

கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிக்கோ வளாக நூலகத்தைச் சேர்ந்த சாரா பிளேக்ஸ்லீ 2004இல் வகுத்த ஐந்து அளவுகோல்கள் இன்று உலகெங்கும் நூலக வகுப்புகளில் பயன்படுகின்றன. தகவலின் காலம், தேவைக்குப் பொருந்துதல், எழுதியவரின் தகுதி, துல்லியம், நோக்கம் ஆகிய ஐந்தையும் ஒட்டி மாணவர் ஒரு பக்கத்தை வினவ வேண்டும். இவ்வினாக்களில் தவறில்லை. ஆனால் இவை பெரும்பாலும் அந்தப் பக்கத்திற்குள்ளேயே விடை தேட வைக்கின்றன. தன்னைப் பற்றித் தானே சொல்லும் சான்றைக் கொண்டு ஒருவரை மதிப்பிடுவது போன்றது இது.

இக்குறையை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017இல் தெளிவாக்கினர். வரலாற்றறிஞர் 10 பேர், தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர் 10 பேர், இளநிலை மாணவர் 25 பேர் ஆகியோர் இணையப் பக்கங்களை எவ்வாறு மதிப்பிடுகின்றனர் என அவர்கள் உற்றுநோக்கினர். வரலாற்றறிஞரும் மாணவரும் பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்து, அதன் தோற்றத்திலும் முத்திரையிலும் முகவரியிலும் பலவேளை ஏமாந்தனர். சரிபார்ப்பாளரோ அப்பக்கத்தை விட்டு உடனே வெளியேறி, பிற இடங்களில் அதைப் பற்றி என்ன சொல்லப்படுகிறது எனத் தேடினர். பக்கவாட்டு வாசிப்பு எனப்படும் இம்முறை வினாப்பட்டியலினும் மேம்பட்டது என்பதில் ஐயமில்லை. முதிர்ந்த வரலாற்றறிஞரே தடுமாறினர் என்பது பேராசிரியர்கள் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி.

எனினும் பக்கவாட்டு வாசிப்பு ஒன்றை முன்கொள்கிறது: பக்கத்திற்கு வெளியே சென்றால் அங்கே வேறு குரல்கள் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் தேடுபவர்க்கு அவை கிடைக்கின்றன. தனுஷ்கோடியைப் பற்றித் தமிழில் தேடுபவர் வெளியே சென்று காண்பது பெரும்பாலும் அதே பத்தியின் மறுபதிப்பு. சில இடங்களில் ஆங்கிலப் பக்கத்தின் மொழிபெயர்ப்பு. சில இடங்களில் அம்மொழிபெயர்ப்பைப் படித்துக் காட்டும் காணொலி. அண்மைக்காலத்தில் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இவையனைத்தையும் கரைத்து ஒரே விடையாகத் தருவதால், எது எதிலிருந்து வந்தது என்ற தடமும் மறைந்துவிடுகிறது.

படியும் வழியும்

இச்சிக்கல் தமிழுக்குப் புதிதன்று. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தபோது எதிர்கொண்டதும் இதுவே. பல ஏடுகள் ஒரே பாடத்தைத் தருகின்றன என்பதால் மட்டும் அது மூலபாடமாகிவிடாது. பத்து ஏடுகளும் பிழைபட்ட ஓர் ஏட்டிலிருந்து படியெடுக்கப்பட்டிருப்பின் அவை பத்துச் சான்றுகள் அல்ல, ஒரு சான்றே. வேறொரு வழியில் வந்த ஒற்றை ஏடு அந்தப் பத்துக்கும் நிகராக நிற்கலாம். ஏடு எழுதுவோர் செய்யும் பிழையே அவ்வேடுகளின் உறவைக் காட்டிக்கொடுக்கும் என்பது பதிப்பாசிரியர் அறிந்தது. ஒரே இடத்தில் ஒரே பிழையைக் கொண்ட இரண்டு படிகள் ஒரு தாய்ப்படியின் பிள்ளைகள். இணையத்திலும் இதுவே நிகழ்கிறது. ஒரே எழுத்துப்பிழை, ஒரே அரைகுறை வாக்கியம் ஆகியவற்றைக் கொண்ட பக்கங்களை மாணவரிடம் தந்து எது தாய்ப்படி எனக் கண்டறியச் சொன்னால், அது பாடவேறுபாட்டு ஆய்வின் முதற்பாடமாகவும் இணைய மதிப்பீட்டின் முதற்பாடமாகவும் அமையும். தமிழ்த்துறை மாணவர்க்குப் பதிப்பியல் ஒரு தாளாகவும் இணையத்தமிழ் மற்றொரு தாளாகவும் கற்பிக்கப்படுகின்றன. இரண்டையும் ஒருவரே கற்பிக்கும் கல்லூரிகளிலும் இவை ஒன்றையொன்று சந்திப்பதில்லை என்பது வியப்புக்குரியது.

தகவலின் வகையைப் பிரித்தறியும் கலைச்சொல்லும் தமிழில் உண்டு. மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதையில் அளவைவாதி பத்து அளவைகளைக் கூறுகிறான். காண்டல், கருதல், ஆகமம் முதலியவற்றோடு ஐதிகமும் அங்கே தனியே எண்ணப்படுகிறது. இந்த மரத்தில் பேய் உண்டு என வழிவழியாகச் சொல்லப்படுவது அதற்கு எடுத்துக்காட்டு. சொன்னவர் யாரெனத் தெரியாமல், எல்லோரும் சொல்வதாலேயே நிற்கும் செய்தி ஐதிகம். வாட்ஸ்அப்பில் வரும் முன்னனுப்பல்களுக்கு இதனினும் பொருத்தமான பெயர் இல்லை. ஐதிகம் என்பதற்குப் பொய் என்று பொருளல்ல என்பதையும் மாணவர் அறிய வேண்டும். அது இன்னும் சோதிக்கப்படாதது, அவ்வளவே.

இராமநாதபுரத்தோடு தொடர்புடைய ஒரு செய்தியே இதற்கு நல்ல சான்று. 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாலவனத்தம் பாண்டித்துரைத் தேவர், ஆங்கிலேயர் ஒருவர் திருக்குறளை மனம்போன போக்கில் திருத்தி அச்சிட்டதை அறிந்து, படிகள் அனைத்தையும் விலைகொடுத்து வாங்கி அழித்தார் என்பர். மூலபாடத்தின் தூய்மையைப் போற்றுவதற்காக மேடைதோறும் சொல்லப்படும் இச்செய்தி, எத்தனை படிகள், எவ்வாறு அழிக்கப்பட்டன என்பவற்றில் சொல்வோர்தோறும் மாறுபடுகிறது. பெரும்பாலும் மூலமும் சுட்டப்படுவதில்லை. தேவரின் தமிழ்ப்பணி ஐயத்திற்கு அப்பாற்பட்டது. அவரைப் பற்றிய செய்தியை அவர் போற்றிய நெறியாலேயே சோதிப்பது அவருக்குச் செய்யும் குறையாகாது.

தொடர்வண்டியில் இருந்தவர்கள்

1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற 653ஆம் எண் பயணியர் வண்டி கடலலையில் அடித்துச் செல்லப்பட்டது. இந்நிகழ்வில் ஐயமில்லை. அதைச் சுற்றியுள்ள எண்கள் வேறு. வண்டியில் இறந்தோர் ஓரிடத்தில் 115, பிறிதோரிடத்தில் 150, மற்றோரிடத்தில் 200க்கு மேல். நாள் சில பக்கங்களில் 22, சில பக்கங்களில் 23. மொத்த உயிரிழப்பாகக் கூறப்படும் 1,800 என்பது சில இடங்களில் தனுஷ்கோடி ஊருக்கும், சில இடங்களில் புயல் முழுமைக்கும் உரியதாகத் தரப்படுகிறது.

இவற்றை மூன்று வெவ்வேறு வகை முரண்களாக மாணவர் பிரிக்கக் கற்க வேண்டும். நாள் பற்றிய முரண் முரணே அன்று. நள்ளிரவை ஒட்டி நிகழ்ந்ததை இரு நாட்களிலும் குறிக்க இடமுண்டு. வண்டியில் இருந்தோர் பற்றிய முரண் எதை எண்ணினர் என்பதைப் பொறுத்தது. 115 என்பது பயணியர் 110, ஊழியர் 5 எனப் பிரித்துக் காட்டப்படும் எண். பயணியரைப் பயணச்சீட்டைக் கொண்டு எண்ணினால் சீட்டின்றி ஏறியவர் கணக்கில் வரமாட்டார். 200 என்று சொல்பவர் அவர்களையும் சேர்த்து மதிப்பிடுகிறார். ஆக, ஒன்று பதிவைச் சார்ந்த எண், மற்றொன்று ஊகத்தைச் சார்ந்த எண். பதிவைச் சார்ந்தது என்பதாலேயே முதலாவது உண்மைக்கு நெருங்கியது என்றும் கொள்ள முடியாது. மூன்றாவதான 1,800 எந்த நிலப்பரப்புக்கு உரியது என்பதே தெளிவின்றி உலவுவதால், அதை எந்த எண்ணோடும் ஒப்பிட வழியில்லை.

இதே வண்டி குறித்து மற்றொரு செய்தியும் பரவலாக உண்டு. தனுஷ்கோடி நிலையத்திற்கு முன்பாகக் கைகாட்டி விளக்கு எரியாமையால் ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார், சிறிது நேரம் காத்திருந்தார், பின்னர் ஊதலை ஒலித்துவிட்டுத் துணிந்து முன்னேறினார் என்று அது விவரிக்கும். அடுத்த வாக்கியத்திலேயே வண்டியில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை என்றும் எழுதப்பட்டிருக்கும். ஒருவரும் பிழைக்கவில்லையெனில் ஓட்டுநர் காத்திருந்ததையும் துணிந்ததையும் சொன்னவர் யார்? இவ்வினா வினாப்பட்டியல் எதிலும் இல்லை. ஆனால் பத்தாம் வகுப்பு மாணவரும் கேட்கக்கூடியது. விடை இல்லாமலும் போகாது: நிலையத்தில் இருந்தோர் கேட்ட ஊதலொலியாக இருக்கலாம், வண்டி கிடந்த இடத்தைக் கொண்டு அதிகாரிகள் உய்த்துணர்ந்ததாக இருக்கலாம், பின்னர் எழுதிய செய்தியாளரின் கற்பனையாகவும் இருக்கலாம். காண்டல், கருதல், ஐதிகம் என்னும் மூன்றும் ஒரே பத்தியில் கலந்து கிடப்பதை மாணவர் தாமே பிரித்துக் காண்பதற்கு இதனினும் ஏற்ற பாடம் அரிது.

இம்மதிப்பீடு வெறும் பயிற்சியன்று. பயணச்சீட்டு வாங்கியவர் பெயரேனும் எங்கோ பதிவாக வாய்ப்புண்டு. கரையோரக் குடிசைகளிலும் மீன்பிடிக்க வந்து தங்கிய கொட்டகைகளிலும் இருந்தோர்க்கு அதுவும் இல்லை. முழுமையாக்கப்பட்ட ஓர் எண்ணை எழுதி முடிக்கும் ஒப்படைப்பு, எண்ணப்படாதவர் இருந்தனர் என்பதையே மறைத்துவிடுகிறது. அவர்களைத் தேட வேண்டுமெனில் இணையத்தை விட்டு வெளியேறியாக வேண்டும்: அக்காலச் செய்தித்தாள்கள், சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள், தொடர்வண்டித்துறைப் பதிவுகள், தமிழ்நாடு ஆவணக்காப்பகம், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பாம்பனிலும் இராமேசுவரத்திலும் இன்றும் வாழும் முதியோர். இம்மாவட்டக் கல்லூரி மாணவர் பலர்க்கு அம்முதியோர் சொந்தத் தாத்தா பாட்டியராகவே இருப்பர். அவர்தம் நினைவும் சோதனைக்கு உரியதே. ஆயினும் அது வேறு வழியில் வந்த ஏடு.

பெயர் சொல்லப்பட்ட மூலங்கள்

மூலம் சுட்டப்படாத தகவலினும் மூலம் சுட்டப்பட்டதுபோல் தோன்றும் தகவல் மாணவரை எளிதில் வீழ்த்துகிறது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலுள்ள மணல்திட்டுத் தொடரை விண்ணிலிருந்து எடுத்த படத்தை நாசா ஆராய்ந்து, அது 17,50,000 ஆண்டுப் பழமையுடைய மனித ஆக்கம் எனக் கூறியதாக ஒரு செய்தி 2002இல் இணையத்தில் பரவியது. நாசா அவ்வாறு கூறவில்லை. விண்வெளியிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு தீவுத் தொடரின் தோற்றத்தையோ வயதையோ, மனிதர்க்கு அதில் பங்குண்டா என்பதையோ தீர்மானிக்க இயலாது என அந்நிறுவனத்தார் மறுத்தனர். சேதுசமுத்திரத் திட்டம் 2005 ஜூலை 2இல் மதுரையில் தொடங்கப்பட்டு, பின்னர் வழக்குகளில் சிக்கியபோது அப்பழைய செய்தி மீண்டும் உயிர்பெற்றது. 2024இல் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மைய அறிவியலாளர்கள் நாசாவின் ஐஸ்சாட்-2 செயற்கைக்கோள் தரவைக் கொண்டு, 29 கிலோமீட்டர் நீளமுள்ள இத்தொடரின் கடலடி வரைபடத்தை வெளியிட்டனர். அதன் 99.98 விழுக்காடு ஆழமற்ற நீரில் மூழ்கியுள்ளது என்றும், தனுஷ்கோடி, தலைமன்னார் நிலப்பகுதிகளின் கடலடித் தொடர்ச்சியே அது என்றும் அவ்வாய்வு கூறியது. அக்கட்டுரையையும் அதை ஒட்டி வந்த தலைப்புகளையும் அருகருகே வைத்துப் படிப்பதே ஒரு முழு வகுப்புக்குப் போதும்.

இங்கே ஆசிரியர் ஒன்றில் கவனம் கொள்ள வேண்டும். வகுப்பில் எழுப்பும் வினா சேதுவைப் பற்றிய நம்பிக்கை மெய்யா பொய்யா என்பதன்று. நாசா சொன்னதாகச் சொல்லப்படுவதை நாசா சொன்னதா என்பதே. இரண்டையும் குழப்பும் ஆசிரியர், மாணவரைத் தம் பக்கமோ எதிர்ப்பக்கமோ நிறுத்திவிடுவார். மூலத்தின் பக்கம் யாரும் நிற்கமாட்டார்கள்.

நாசாவை விட நுட்பமானது கோயில் ஆவணம். 1480இல் வீசிய புயல் உடைக்கும்வரை இத்தொடர் நடந்து கடக்கக்கூடியதாக இருந்தது எனக் கோயில் ஆவணங்கள் கூறுகின்றன என்ற வாக்கியம் எண்ணற்ற பக்கங்களில் காணப்படுகிறது. கல்வெட்டா, செப்பேடா, ஓலையா, எந்த எண்ணுடையது, யார் படித்தது என்ற குறிப்பைப் பெரும்பாலான பக்கங்கள் தருவதில்லை. மூலத்தின் பெயர் வேறு, மூலம் வேறு. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாமின் பெயரால் வலம்வரும் பொன்மொழிகளுக்கும் இது பொருந்தும். எந்த நூல், எந்தப் பக்கம், எந்த உரை என்று கேட்டால் பல மொழிகள் உதிர்ந்துவிடும்.

பாம்பன் தொடர்வண்டிப் பாலத்தின் எண்கள் இவ்வளவு கடினமானவையல்ல. 1914இல் திறக்கப்பட்ட பழைய பாலத்துக்கு 143, 145, 146 என எண்கள் உலவுகின்றன. தூண்களை எண்ணினரா, பாலத்தின் கண்களை எண்ணினரா, கப்பலுக்குத் திறக்கும் நடுப்பகுதியைச் சேர்த்தனரா எனக் கேட்டாலே குழப்பத்தின் பெரும்பகுதி தீரும். 2025 ஏப்ரல் 6இல் திறக்கப்பட்ட செங்குத்தாக உயரும் புதிய பாலத்தின் விவரங்கள் பழைய பாலத்தின் படத்தோடு இப்போதே கலந்து வருகின்றன. மாணவர் தம் கண்முன்னே ஒரு பாடவேறுபாடு பிறப்பதைக் காணலாம்.

எத்தனை வகுப்புகள்

ஒரு நாள் பயிலரங்கம் நடத்திச் சான்றிதழ் வழங்குவதே இத்துறையில் கல்லூரிகள் பலவற்றின் நடைமுறை. அதன் பயன் குறித்து இந்தியச் சான்று உண்டு. சுமித்ரா பத்ரிநாதன் 2019 மக்களவைத் தேர்தல் காலத்தில் பீகாரில் 1,224 பேரிடம் நடத்திய கள ஆய்வில், ஒரு மணிநேரப் பயிற்சி ஒட்டுமொத்தமாகக் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் ஏற்படுத்தவில்லை. கட்சிச் சார்புடைய சிலரிடம் எதிர்விளைவே தோன்றியது. அவரும் பிறரும் பின்னர் அதே மாநிலத்தில் 583 ஊர்களைச் சேர்ந்த 13,500 மாணவரிடம் 14 வாரங்களில் பரவிய வகுப்புகளாக நடத்தியபோது விளைவு மாறியது. மாணவரின் பகுத்தறியும் திறன் உயர்ந்து, மாதங்கள் கடந்தும் நின்றது, பெற்றோரிடமும் பரவியது. 2018இல் கேரளத்தின் கண்ணூர் மாவட்ட நிர்வாகம் அரசுப் பள்ளிகளில் பொய்ச்செய்தியை இனங்காணும் பாடத்தைத் தொடங்கியதும் இங்கு நினைக்கத்தக்கது. தமிழ்நாட்டில் 2023இல் அரசின் உண்மை சரிபார்ப்பகம் ஏற்படுத்தப்பட்டது. அது முடிந்த தீர்ப்புகளைத் தருகிறது. தீர்ப்பு வழங்கும் முறையை மாணவர் கற்பது வேறு பணி. அது பாடத்திட்டத்தின் கடமை.

அப்பணிக்கான முன்னறிவு இக்கடற்கரை மாணவரிடம் ஏற்கெனவே உள்ளது என்பதை ஆசிரியர் பலர் கணக்கில் கொள்வதில்லை. மீனவக் குடும்பத்தில் தகவல் மதிப்பீடு அன்றாடத் தொழில். வாடை, கச்சான், கொண்டல் எனக் காற்றைப் பெயரிட்டு அறிந்த முதியவரின் சொல், வானிலை ஆய்வு மைய அறிவிப்பு, பாம்பனிலிருந்து ஒலிக்கும் கடல் ஓசை சமுதாய வானொலி, கைப்பேசியில் வந்த யாரோ ஒருவரின் குரல்பதிவு ஆகியவற்றை எடைபோட்டுத்தான் படகு இறங்குகிறது. தவறான புயல்செய்தி ஒரு நாள் கூலியைப் பறிக்கும். சரியான எச்சரிக்கை காலந்தாழ்ந்தால் என்னாகும் என்பதை 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கன்னியாகுமரியில் காட்டியது. வகுப்பறைக்கு வெளியே இவ்வளவு கவனத்துடன் மூலத்தை எடைபோடும் மாணவரை, வகுப்பறைக்குள் மேலைநாட்டுப் பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்ய வைக்கிறோம்.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் பதினொன்று வகைப்படும். முதல் பத்தும் புயலின் தொலைவையும் திசையையும் கடுமையையும் குறிப்பன. பதினொன்றாவது அவ்வாறன்று. புயல் எச்சரிக்கை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது, வானிலை மோசமாகும் எனத் துறைமுக அலுவலர் தாமே கருதுகிறார் என்பதே அதன் பொருள். மூலம் இல்லை என்பதையும் எஞ்சியிருப்பது உய்த்துணர்வு என்பதையும் அறிவிப்பதற்கென்றே ஒரு குறி. தனுஷ்கோடி பற்றிய ஒப்படைப்பில் 1,800க்குப் பக்கத்தில் அப்படியொரு குறியை எழுதும் மாணவர்க்கு எத்தனை மதிப்பெண் வழங்குவது என்பதை வினாத்தாள் வகுப்போர் இனித் தீர்மானிக்க வேண்டும்.